துரு ஏறாத பார்லி

அருமனை,
6 நவம்பர் 1932

கர்த்தருக்குள் தங்கை கிளாராவுக்கு,

நான் வாய் திறக்காமல் இருந்தது போதும். இரண்டு வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. உன் வீட்டில் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். எனக்கு நோய் ஒன்றும் இல்லை. கடைவாய்ப் பல் இரண்டு போயிற்று, அவ்வளவுதான்.

கெம்மனட்டிப் பண்ணையில் பார்லிப் பூவைச் சாமணத்தால் பிரித்து, மகரந்தப் பையைப் பிடுங்கி, காகித உறை கட்டி, சீமை விதையையும் படகர்களின் விதையையும் கலந்தவன் நான். குனிந்து குனிந்து வளைந்தது என் முதுகு. நான் விஷக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அச்சான வருஷ அறிக்கையில், இந்தக் கலப்பைச் செய்தவர் செல்வதாஸ் என்று இருந்தது. உன் புருஷன். நாகர்கோவிலிலிருந்து நான் வரவழைத்து, கூலிக்கணக்கு எழுத வைத்து, என் தங்கையையும் கட்டிக்கொடுத்த ஆள்.

அவனோடு நான் பேசாததில் ஆச்சரியம் இல்லை. இந்தக் கடிதம் உன்னைப் பற்றியது. அந்த அறிக்கையை உன் வீட்டு மேசையில் போட்டு, "நீ கண்ணால் கண்டவள்தானே, சொல்லு" என்று கேட்டேன். நீ சட்டி கழுவிக்கொண்டு நின்றாய். கழுவின சட்டியையே மறுபடியும் கழுவினாய். மறுநாள் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கிவிட்டேன்.

இப்போது ஒரு ரப்பர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை. ரப்பர் விலை விழுந்து பாதி மரங்களில் பால் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். மழை நின்ற பிறகும் மரங்கள் சொட்டிக்கொண்டே இருக்கும். குளச்சலிலிருந்து மீன் கொண்டுவரும் மரியான் எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறான். "பார்லி சாரே, ஒத்தைக்கு ஒரு ஆளு, நாலு சாளை போதுமா? பூனையாவது ஒண்ணு வளத்தப்பிடாதா?" என்று வாசலில் நின்று சத்தம் போடுவான். எஸ்டேட் முழுக்கச் சிரிக்கும்.

நீ பதில் எழுத வேண்டும் என்று இல்லை. பிள்ளைகள் என்னை மறந்திருக்கும்.

ஜஸ்டஸ்


கெம்மனட்டி, நீலகிரி,
2 ஜனவரி 1933

அன்புள்ள அண்ணனுக்குக் கிளாரா எழுதிக்கொண்டது.

புது வருஷத்தில் கர்த்தர் உங்களுக்குச் சுகத்தைத் தருவாராக. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பல தடவை எழுத உட்கார்ந்தேன். எழுத்து வரவில்லை. நாங்கள் எல்லோரும் நலம். குளோரிக்கு இருமல் இருந்தது, இப்போது தேவலை. சின்னவள் இசபெல் உங்களை மறக்கவில்லை. காகித உறையைக் கண்டால் "பெரியப்பா தொப்பி" என்பாள். உங்களுக்கு அவள் மருமகள் என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்பதில்லை.

பல்லுக்குக் கிராம்பு எண்ணெய் வையுங்கள்.

இங்கே பார்லி அறுவடை முடிந்தது. நீங்கள் போன பிறகு முதல் போகத்தில் எல்லாச் செடியிலும் துரு ஏறிவிட்டது. பிள்ளைகளின் அப்பா, அவர்கள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அதன்பின் பெரிய அதிகாரிகள் பார்வைக்கு வருகிறார்கள், தோட்டம் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று பண்ணைத் துரை சொன்னாராம். கந்தகத் தூள் வரவழைத்தார்கள். என் பழைய மல் சேலையைக் கிழித்துப் பைகள் தைத்தேன். பனி காயும் முன் நானும் பிள்ளைகளும் போய்ச் செடிகளின் மேல் உதறுவோம். இசபெல் மூக்கைப் பிடித்துக்கொண்டே ஒரு வரிசை முழுக்க உதறிவிடுவாள். போன இரண்டு போகமும் அப்படிச் செய்தோம். ஒரு இலையில்கூடத் துரு இல்லை, அண்ணா. வந்தவர்கள் மெச்சினார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக அறுத்து, அடித்து, மூட்டை கட்டியாகிவிட்டது. சித்திரை மழைக்கு ஊரார் விதைக்கக் கொடுக்கப் போகிறார்கள். முதல் மூட்டை மேட்டு நிலத்து ஜோகி கவுடருக்கு. உங்களுக்கு நினைவிருக்கும்.

நீங்கள் எழுதின மற்றதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் தங்கை
கிளாரா


அருமனை,
15 ஜனவரி 1933

பகவதியப்பனுக்கு ஜஸ்டஸ்.

உன் மூலம் எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் உட்கார முடிகிறதா, இன்னும் நின்றுகொண்டுதான் பாடம் நடத்துகிறாயா?

இன்று காலை தனியே உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். எனக்குச் சமைத்துத் தரும் ராகேல் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "சாருக்கு என்ன பற்றிச்சு?" என்று பயந்துவிட்டாள். இந்த வீட்டில் அவள் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை.

காரணத்தை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். பார்லி இலையில் துரு என்று ஒரு காளான் நோய் ஏறும். ஆரஞ்சுப் பொடியாகப் படர்ந்து, கதிர் பால் பிடிக்கும் முன்னே செடியை வற்ற வைத்துவிடும். நான் கொண்டுவந்த சீமை விதைக்கு அதைத் தாங்கும் குணம் பிறவியிலேயே உண்டு. ஆனால் அது பதுங்கும் குணம். கலப்பில் பிறக்கும் முதல் தலைமுறை முழுக்கத் துரு பிடிக்கும். அவற்றின் பிள்ளைகளில்தான் நான்கில் ஒன்று தாங்கி நிற்கும். அந்த ஒன்று எது என்று அறிய ஒரே வழி, துருவை வரவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது. செத்தது சாகட்டும் என்று விட்டு, மிஞ்சியதை எடுக்க வேண்டும்.

செல்வதாஸ் கந்தகம் தூவிவிட்டான்! கந்தகம் பட்ட இலையில் துரு முளைக்காது. தாங்கும் செடியும் தாங்காத செடியும் ஒன்றுபோலப் பச்சையாக நின்றன. எல்லாவற்றையும் சேர்த்து அறுத்து மூட்டை கட்டிவிட்டான். கிளாரா பெருமையாக எழுதியிருக்கிறாள், பாவம். அந்த விதையை ஊரார் விதைத்தால் பாதிக்கு மேல் துருவுக்குப் போகும். படகர்களின் பழைய விதையாவது, துரு வலுக்கும் முன் முந்தி விளைந்து, அரைகுறையாக வீடு வந்து சேரும். இந்தக் கலப்பு பிந்தி விளைவது. துருவின் வாயிலேயே நிற்கும்.

நான் ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை. என் வேலையை எடுத்துக்கொண்டவன் அதனோடு வருவதையும் எடுத்துக்கொள்ளட்டும். சித்திரையில் விதைப்பார்கள், ஆடியில் தெரியும். எனக்கு அவசரம் இல்லை.

ஜஸ்டஸ்


தாணுமாலயன் துணை
சுசீந்திரம்,
22 ஜனவரி 1933

ஏலே ஜஸ்டஸ்,

மூலம் அப்படியே இருக்கிறது, விசாரித்ததற்கு உபகாரம். மார்கழித் திருவிழாக் கூட்டத்தில் எனக்குச் சளி பிடித்து இன்னும் விடவில்லை. வயலில் மாசியில் அறுக்க வேண்டிய கும்பப்பூ நெல்லுக்குக் குலைநோய். கழுத்து ஒடிந்து கதிர் தொங்குகிறது. அதனால் உன் நான்கு பக்கத்தைப் படிக்க எனக்கு நல்ல நேரம்தான்.

படித்தேன். வீட்டுக்காரியிடமும் சொன்னேன். "அந்த ஆளுக்க தங்கச்சியும் அந்தக் கஞ்சியத்தான குடிக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி உனக்கு. நீ சொல்லு.

செல்வதாஸுக்கு நல்லா வேணும், ஒத்துக்கொள்கிறேன். காலேஜிலே உனக்க பென்சிலை ஒருத்தன் எடுத்ததுக்கே பரீட்சை முடியிறது வரை அவன் கூடப் பேசாதவன் நீ. ஆனா அதை விதைக்கப் போற படகன் என்ன செய்தான்? அவன் உனக்க பென்சிலையும் எடுத்தானா?

நீ சிரித்ததாக எழுதியிருக்கிறாய். எனக்கு அது சிரித்தவன் எழுதின கடிதமாகத் தெரியவில்லை. சவம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி இங்கே வா. வயலில் நிற்கிற சீக்கு நெல்லைக் காட்டித் தருகிறேன். அதைப் பார்த்துச் சிரிக்கலாம்.

பகவதியப்பன்


அருமனை,
29 ஜனவரி 1933

அன்புள்ள தங்கை கிளாராவுக்கு,

உன் கடிதம் கிடைத்து சந்தோஷம். குளோரியின் இருமலுக்கு ஆடாதோடை நல்லது. இசபெல்லிடம் மாமா விசாரித்ததாகச் சொல்லு. கிராம்பு எண்ணெய் வைத்தேன், வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

பார்லி நன்றாக விளைந்தது அறிந்து மகிழ்ந்தேன். எத்தனை மூட்டை? எந்தெந்த ஊருக்கு? ஜோகி கவுடர் எவ்வளவு நிலத்தில் விதைக்கப் போகிறார்? ஓரமாகக் கொஞ்சம் போட்டுப் பார்ப்பாரா, அல்லது மொத்தமாகவா? ஓய்வாக இருக்கும்போது எழுது. இங்கே எனக்கு வாசிக்க வேறு ஒன்றும் இல்லை.

உன் அண்ணன்
ஜஸ்டஸ்


கெம்மனட்டி,
17 பிப்ரவரி 1933

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆடாதோடை இங்கே கிடைக்கவில்லை, மிளகுக் கஷாயம் கொடுத்தேன். இருமல் போய்விட்டது.

விதை நான்கு மூட்டைதான். எல்லாம் கெம்மனட்டிக்கே. ஜோகி கவுடர் மேட்டு நிலம் முழுவதிலும் போடப் போகிறார். நேற்று வந்து வாசலில் உட்கார்ந்து டீ குடித்தார். "அம்மா, பழைய விதையை எருமைக்குப் போட்டுட்டேன். இனி எதுக்கு அது? குதிர் காலியானாத்தானே புதுசு வைக்கலாம்" என்றார். நான் சிரித்தேன். அவர் சம்சாரத்துக்கு மட்டும் மனசில்லையாம், எருமையோடு சண்டை போட்டாளாம்.

துரைக்கு உருளைக்கிழங்குதான் தெரியும். பார்லியைப் பற்றி எது கேட்டாலும் அவர்களைத்தான் கேட்கிறார். இந்த வருஷம் எல்லாப் பண்ணையிலும் ஆட்களைக் குறைக்கிறார்களாம். அதைப் பற்றி ஏதோ கடிதம் வந்தது. சரி, அது இருக்கட்டும்.

ஈஸ்டருக்கு இங்கே வாருங்கள் அண்ணா. பஸ் இப்போது குன்னூரிலிருந்து பண்ணை வாசல்வரை வருகிறது. அவர்களும் வரச் சொல்லி எழுதச் சொன்னார்கள்.

உங்கள் தங்கை
கிளாரா


அருமனை,
25 பிப்ரவரி 1933

அன்புள்ள கிளாராவுக்கு,

இங்கு சுகம். ஈஸ்டருக்கு வர இயலாது. எஸ்டேட்டில் வேலை இருக்கிறது.

(வேலை ஒன்றும் இல்லை. பனிக்காலத்தில் ரப்பர் இலை எல்லாம் உதிர்ந்து, பால் வெட்டும் நின்றிருக்கிறது. எழுதின பிறகு அடிக்க மனமில்லை, இருக்கட்டும்.)

ஜோகியின் பழைய விதை முழுக்க எருமைக்குப் போய்விட்டதா? அவர் பெண்டாட்டி வீட்டாரிடம், அல்லது அடுத்த ஊரில், யாரிடமாவது கொஞ்சம் இருக்குமா? சும்மா கேட்கிறேன். விதைக்கும் நாள் குறித்துவிட்டார்களா?

ஜஸ்டஸ்


கெம்மனட்டி,
20 மார்ச் 1933

அண்ணனுக்கு,

நாங்கள் சுகமாக இருக்கிறோம். நீங்களும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. உங்கள் கடைசிக் கடிதத்தில் இரண்டு வரி எனக்கு. மற்றதெல்லாம் விதைக்கு. அதற்கு முந்தினதை எடுத்துப் பார்த்தேன், அதுவும் அப்படித்தான். சின்ன வயசில் நான் சாப்பாட்டில் கல் கடிக்கப் போகிறேன் என்று தெரிந்தால் நீங்கள் பேசாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த முகம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அந்த விதையில் ஏதாவது உண்டா, அண்ணா?

அவர்களிடம் நான் கேட்கவில்லை. மேல்படிப்புப் படிக்காத மனுஷன். கேட்டால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். சித்திரைக்குப் பிறகு இந்தப் பண்ணையில் ஒரு உதவியாளர்தான் இருக்கலாம் என்று உத்தரவு வந்திருக்கிறது. பார்லி நிலைத்தால் அவர்களும் நிலைப்பார்கள்.

அன்றைக்கு மேசையில் நீங்கள் கேட்டதற்கும் இப்போது எழுதுகிறேன். நான் கண்டேன். சாமணம் பிடித்தது நீங்கள்தான். அதை அன்று சொல்லியிருந்தால் உங்களுக்குத் தங்கை உறவும் போயிருக்காது, வேலையும் போயிருக்காது. எனக்கு மட்டும் வீடு போயிருக்கும். இசபெலுக்கு அப்போது மூன்று வயசுகூட ஆகவில்லை. அதனால் சட்டி கழுவினேன். அதை நியாயம் என்று சொல்லவில்லை.

இன்னொன்று. அறிக்கையில் யார் பெயர் இருந்தாலும், ஜோகி கவுடரும் ஊராரும் அந்த மூட்டையை "ஜஸ்டஸய்யா பார்லி" என்றுதான் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரர் காதில் விழவே சொல்கிறார்கள். அவர்கள் திருத்தியதில்லை. உங்களுக்குத் தெரியாதென்று எழுதுகிறேன்.

ஈஸ்டர் கழிந்த புதன்கிழமை விதைக்கிறார்கள்.

கிளாரா


அருமனை,
2 ஏப்ரல் 1933

செல்வதாஸ்,

சுகம் விசாரிக்கவில்லை. கிளாரா எழுதித் தெரியும்.

அந்த நான்கு மூட்டையையும் ஊராருக்குக் கொடுக்காதே. கந்தகம் தூவின வயலில் துரு இல்லாததற்குக் கந்தகம்தான் காரணம், விதை அல்ல. தாங்காத செடியும் நீ தூவினதால் பிழைத்து, உன் மூட்டையில் பாதிக்கு மேல் கிடக்கிறது. தாங்கும் குணம் முதல் தலைமுறையில் பதுங்கியிருக்கும் என்பதை நான் போகும் முன் உனக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் போனது என் விருப்பம். நீ கேட்காமல் இருந்தது உன் விருப்பம்.

செய்ய வேண்டியது கடினம் அல்ல. ஒரு மூட்டையை மட்டும் பண்ணை நிலத்தில் தள்ளித் தள்ளி விதை. கந்தகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதே. துரு தானாக வராவிட்டால், துரு பிடித்த பழைய இலையைப் பறித்து வந்து செடிகளின் மேல் தேய். மனசு கேட்காது. உனக்கு எப்போதும் செடி வாடினால் மனசு கேட்காது, அதுதான் உன் கோளாறு. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இரு. எல்லாம் வற்றின பிறகு போய்ப் பார். பச்சையாக நிற்பவை இருக்கும். குறைவில்லை, கணிசமாகவே இருக்கும். அவற்றை அறுத்து எடுத்தால் போதும். பதுங்கின குணம் வெளியே வந்துவிட்டால் பிறகு மாறாது. அடுத்த சித்திரைக்கு ஜோகியிடம் அதைக் கொடு.

ஜோகிக்கு இந்த வருஷத்துக்குப் பழைய விதை வேண்டும். அவர் பெண்டாட்டியின் தாய்வீட்டில் கட்டாயம் இருக்கும். எருமையோடு சண்டை போட்டவள் ஒரு பானையாவது ஒளித்து வைத்திருப்பாள், முதலில் அவளிடமே கேள்.

இதனோடு ஒரு தாள் இருக்கிறது. துரைக்கு எழுதும் அறிக்கை. எஸ்டேட் மெஷினில் இங்கிலீஷில் அடித்திருக்கிறேன். கந்தகம் தூவியதை யோசித்தபோது விதையின் மேல் ஐயம் வந்ததாகவும், விநியோகத்தை ஒரு வருஷம் நிறுத்தி முறையாகச் சோதிக்க அனுமதி வேண்டும் என்றும் நீ சொல்வதாக இருக்கும். தூவச் சொன்னது துரை என்று எழுதவில்லை. அவருக்கே ஞாபகம் வரும். வந்தால் உன்னை இறக்கிவிட்டு வேறு ஒருவனை வைக்கத் துணியமாட்டார். கீழே இடம் விட்டிருக்கிறேன். உன் கையெழுத்தைப் போடு. முன்பு போட்டதைவிட இது உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

நான் உன்னை மன்னித்துவிட்டதாகக் கிளாராவிடம் சொல்லாதே. மன்னிக்கவில்லை. ஊரார் என் பெயரைச் சொல்கிறார்கள் என்றதும் மனம் இளகிவிட்டான் என்று நினைக்கலாம். நினைத்துக்கொள். அந்த வரியை வாசித்தபோது ராகேல் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, "குடிக்கல்லியா சாரே, ஆறிப்போவும்" என்றாள். ஆறியே போயிற்று. அந்த மேட்டு நிலம் என் கண்ணில் நின்றது. நான் காய்ச்சலில் விழுந்தபோது ஜோகியும் அவர் தம்பியும் அந்த நிலத்து வழியாகத்தான் என்னைக் கம்பளியில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். நீ அன்று பண்ணையில்தான் இருந்தாய்.

அது போகட்டும்.

குழித்துறைத் தபாலாபீஸுக்கு இங்கிருந்து வெகுதூரம். மரியானிடம் கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். மீன் வாடையோடு வந்தால் எந்த ஊர்க் கடிதம் என்று உங்கள் ஆபீஸில் கண்டுபிடித்துவிடுவார்கள். நானே நடந்து போகிறேன். அடியில் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் மச்சான் என்று போடக் கை வரவில்லை. வெறும் ஜஸ்டஸ் என்று போட்டால், முன்பின் தெரியாதவனுக்கு எழுதினதுபோல் இருக்கிறது. நமக்குள் வேறு உறவுமுறையும் இல்லை. உறையை ஒட்டிவிடுகிறேன். கையெழுத்து இல்லாமலே இதைத் தபாலில் போடப் போகிறேன்.